சாப்பிட்டீங்களா என்று தொடங்கிய வலைப்பூ

விளாங்குடி தாண்டி திண்டுக்கல் சாலையில் இருந்த ஒரு ரப்பர் தொழிற்சாலையில் நான் மனிதவள மேலாளராக வேலை பார்த்தேன். கார்களுக்கும் லாரிகளுக்கும் வேண்டிய ரப்பர் வளையங்கள் செய்யும் கம்பெனி. என் பதவியின் முழுப்பெயரை அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாருக்கும் நான் எச்.ஆர். மேடம். ஆள் எடுப்பது, லீவு பார்ப்பது, சண்டை தீர்த்து வைப்பது, கேன்டீன் சாம்பாரில் உப்புக் குறைந்தால் பதில் சொல்வது எல்லாம் என் தலையில்தான்.

ஒரு நாள் காலை, ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ் பிரிவில் வேலை செய்யும் ஒருவர் என் அறை வாசலில் வந்து நின்றார். மனைவி இறந்து, காரியம் முடிந்து, அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வந்தவர், சொல்ல முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அந்த நிமிஷத்துக்கு உதவும் ஒரு வாக்கியம்கூட அவற்றிலிருந்து நினைவுக்கு வரவில்லை.

கடைசியில், "சாப்டீங்களாண்ணே?" என்றேன்.

"இல்ல மேடம். இம்புட்டு நாளா அவதான் கட்டிக் குடுப்பா. இன்னிக்குத்தான் டப்பா இல்லாம வந்தேன்."

கேன்டீனுக்குப் போன் செய்து இட்லி கொண்டுவரச் சொன்னேன். என் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டார். நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தேன். கை கழுவிவிட்டு வந்து, "வாரேன் மேடம்" என்று சொல்லி மெஷினுக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில்தான் என் வலைப்பூவைத் தொடங்கினேன். எச்.ஆர். வேலை பார்ப்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் வலைப்பூக்களை அதற்கு முன்பே வாசித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலும் பெங்களூரிலும் இருந்து நன்றாகவே எழுதினார்கள். திறமையானவர்களைத் தக்கவைப்பது எப்படி, குழுவை உற்சாகப்படுத்துவது எப்படி என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் யாராவது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி அவற்றில் எதிலும் வரவில்லை. அதைத் தமிழில் எழுதிப் பார்க்கத் தோன்றியது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். "எழுதுங்க மேடம், யாரு படிக்கப் போறா" என்றார்.

என் கணவர் தல்லாகுளம் பக்கம் ஒரு கோர்ட் அலுவலகத்தில் எழுத்தர். நான் விஷயத்தைச் சொன்னபோது கட்டிலில் சட்டைகளைப் பரப்பி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ் விஷயத்த ஊருக்கெல்லாம் எழுதலாமா?" என்று கேட்டார்.

"பேரு போட மாட்டேங்க."

"பேரு போடாட்டி ஆளு தெரியாதாக்கும்?"

"எங்க கம்பெனிக்காரங்களுக்குத்தான் தெரியும். அவங்க தமிழ்ல வலைப்பூ படிக்கிற ஆளுங்க இல்ல."

சட்டையை மடித்து வைத்துவிட்டு, "நானும் படிக்கிற ஆளு இல்ல" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

முதல் சில வாரங்கள் யாரும் வரவில்லை. பிறகு ஒரு பின்னூட்டம் வந்தது. எழுதியவர் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் எச்.ஆர். அதிகாரி. "நாங்கள் இதைத் தினமும் பார்க்கிறோம். நானும் சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்பேன். அதற்கு மேல் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தார். அதை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது. ஒரே ஊரில், சில கிலோமீட்டர் தள்ளி, இன்னொருவர் என் மாதிரியே திணறிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததில் அப்படி ஒரு ஆறுதல்.

அவரும் சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கினார். ரம்ஜானுக்கு யார் யாருடைய டூட்டியைப் பார்ப்பது, தீபாவளிக்கு அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவர் மருத்துவமனை நர்சுகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்த ஏற்பாட்டைப் பற்றி அவர் எழுதியதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். அவருடைய பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கும், என் பக்கத்திலிருந்து அவருடைய பக்கத்துக்கும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அடுத்து வந்தவர் வாடிப்பட்டி பக்கம் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அதிகாரி. எங்களைவிட வயதில் மூத்தவர். மில் விடுதியில் தங்கியிருக்கும் பெண்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரும் அப்பாக்கள், கேட் அருகே நின்று என்ன பேசுவது என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவதை எழுதினார். அவருக்குத் தட்டச்சு வராது. போனில் பேசியே எழுத்தாக்கிப் போடுவார். அதில் வரும் பிழைகளைத் திருத்தவும் மாட்டார். பிறகு ஐ.டி. நிறுவனத்தில் ஆள் எடுக்கும் வேலையிலிருந்த ஓர் இளம்பெண் வந்தாள். வேலை கிடைத்தும் சேராமல் போகிற பையன்களைப் பற்றி, அவர்களுக்குப் பதிலாகப் போனை எடுத்து மன்னிப்புக் கேட்கும் அம்மாக்களைப் பற்றி எழுதினாள்.

அப்படியே பெருகியது. விருதுநகர், தேனி, திண்டுக்கல், சிவகாசி என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒருவர் எழுத ஆரம்பித்தார். பட்டாசு ஆலைக்காரர் ஒருவர், பள்ளிக்கூட அறக்கட்டளையில் வேலை பார்த்த ஒரு அம்மா, ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்களைக் கவனித்துக்கொண்ட ஒருவர். வருகைப் பதிவுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் நடுவில் இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களா என்று எனக்கு வியப்பாக இருந்தது. எச்.ஆர். தனியாகச் செய்கிற வேலை. முதலாளிக்கு நாம் தொழிலாளி பக்கம், தொழிலாளிக்கு நாம் முதலாளி பக்கம். மதியம் சாப்பிடும்போது நம் மேசைக்கு வந்து உட்கார எல்லாரும் யோசிப்பார்கள். நாம் யார் பக்கம் என்று வலைப்பூவில் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. மில்லுக்காரர் எழுதிய பதிலுக்குப் பிறகுதான் அது அடங்கியது. "ரெண்டு பக்கமும் திட்டுற எடத்துலதான் நமக்கு நாற்காலி போட்டுருக்காங்க. திட்டு விழுகலேன்னா நாம எடம் மாறி உக்காந்துட்டோம்னு அர்த்தம்."

ஒரு சனிக்கிழமை தல்லாகுளத்தில் ஒரு ஹோட்டலில் மருத்துவமனைக்காரர், மில்லுக்காரர், ஐ.டி. பெண், நான் என்று நாங்கள் நால்வரும் முதல்முறையாகச் சந்தித்தோம். ஐந்து மணி என்று பேச்சு. நாலரைக்கே எல்லாரும் வந்து, ஒருவரை ஒருவர் தெரியாமல், தனித்தனி மேசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மருத்துவமனைக்காரர்தான் எழுந்து வந்தார். "அக்கா, இம்புட்டு முன்னாடியே வந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னா நீங்க எச்.ஆராத்தான் இருக்கணும்" என்றார். அன்று முதல் அவருக்கு நான் அக்கா.

இதெல்லாம் நடந்து இரண்டொரு வருஷத்தில் எங்கள் கம்பெனி பாதி இயந்திரங்களை வேறு மாநிலத்துக்கு மாற்ற முடிவு செய்தது. வேலை இழக்கப் போகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்வது என் பொறுப்பு. யாரையும் கூட்டத்தில் வைத்துச் சொல்லக் கூடாது, முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும், சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு அவர்கள் எழுந்திருக்கும்வரை நாம் எழுந்திருக்கக் கூடாது என்று வலைப்பூவில் எழுதியிருந்தேன். அப்படியே செய்தேன். சிலர் அழுதார்கள். ஒருவர் என்னையே சமாதானப்படுத்தினார். ஒருவர் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை இரண்டு முறை உருட்டிவிட்டு எழுந்து போனார்.

எல்லாம் முடிந்த பிறகு, தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார். என்னைவிடச் சின்னவர். உட்காரக்கூடச் சொல்ல மறந்துவிட்டார். நானே உட்கார்ந்தேன்.

"இனிமே எச்.ஆர். வேலைய எல்லாம் தலைமை ஆபீஸ்லயே பாத்துக்கப் போறாங்க மேடம். இத எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கிட்டதா வச்சுக்கங்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நான் எழுந்து பாட்டிலிலிருந்து இரண்டு தம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். இருவரும் குடித்தோம். "சரி சார்" என்று சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து மேசையைச் சுத்தம் செய்தேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரி, முகம் கழுவிட்டு வா. காப்பி போடுறேன்" என்றார். கோயம்புத்தூரில் படிக்கும் மகளுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் பேசி வைத்தோம்.

அதன்பிறகு வலைப்பூவில் நான் எதுவும் எழுதவில்லை. வேலை போனவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று முன்பு ஒரு பதிவு எழுதியிருந்தேன். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, வேலைக்குக் கிளம்புவது போலவே கிளம்பித் தயாராக வேண்டும் என்று அதில் அறிவுரை இருந்தது. அதன்படி ஒரு நாள் குளித்து, நல்ல சேலை கட்டி, பத்து மணிக்குக் கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். போன் அடிக்கவில்லை. யாரும் எதுவும் கேட்டு வரவில்லை. தெருவில் கீரைக்காரம்மா குரல் மட்டும் கேட்டது. பதினொரு மணிக்கு நைட்டிக்கு மாறிவிட்டேன்.

வலைப்பூவுக்கு வருகிறவர்கள் ஏன் எழுதவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மருத்துவமனைக்காரர் போன் செய்தார்.

"கொஞ்சம் வேல அதிகமாப் போச்சு தம்பி" என்றேன்.

"அக்கா, வேல அதிகம்னு சொல்றவங்ககிட்டதான் நான் தினமும் பேசுறேன். அவங்க குரல் இப்படி இருக்காது" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். சொல்லும்போது அழுகை வரவில்லை. அவர் "எந்த நாள்லருந்து?" என்று கேட்டபோது வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம வீட்டுல இருப்பீங்கல்ல? நாங்க வாரோம்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். மில்லுக்காரர் ஒரு பை நிறையக் கொய்யா கொண்டுவந்தார். மருத்துவமனைக்காரர் அவர் மனைவி ரவையில் செய்த தம்ரூட் இனிப்பை டப்பாவில் கொண்டுவந்தார். ஐ.டி. பெண் மாத்திரம் வெறும் கையோடு வந்தாள். உள்ளே வந்ததும் சாப்பாட்டு மேசையை இழுத்து நடுவில் போட்டாள். ஒரு பக்கம் மூன்று நாற்காலி, எதிரில் ஒன்று. அந்த ஒன்றில் என்னை உட்காரச் சொன்னாள்.

"என்ன இது?"

"இன்டர்வியூ அக்கா. நீங்க கடைசியா இந்தப் பக்கம் உக்காந்து எம்புட்டு வருஷம் ஆச்சு?"

நான் யோசித்துப் பார்த்தேன். மகள் பிறப்பதற்கு முன்பு. ஆயிரக்கணக்கானவர்களை நான் அந்த இடத்தில் உட்காரவைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மடியில் வைத்தேன், மேசையில் வைத்தேன், திரும்ப மடியில் வைத்தேன்.

மில்லுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்களப் பத்திச் சொல்லுங்கம்மா."

நானே எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். ஆரம்பித்தேன். எங்கள் கம்பெனியில் எத்தனை பிரிவுகள், எங்கள் குழு என்னென்ன செய்தது, பணியாளர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பேசிக்கொண்டே போனேன். நன்றாகத்தான் பேசுகிறேன் என்று நினைத்தேன். ஐ.டி. பெண் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அக்கா, இவ்வளவு நேரத்துல ஒரு தடவகூட நீங்க நான்னு சொல்லல. நாங்க, நாங்கன்னே சொல்றீங்க. நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

நான் என்ன செய்தேன்? நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தகுதிச் சான்று எழுதி எழுதிப் பழகிய மூளை, என்னைப் பற்றி ஒரு வரி சொல்லத் தெரியாமல் நின்றது. மூவரும் காத்திருந்தார்கள்.

சமையலறை வாசலில் டீ தட்டோடு நின்றிருந்த என் கணவர் அப்போது பேசினார்.

"கம்பெனி ஷெட்டுல தீ பிடிச்ச அன்னிக்கு உள்ள எத்தன பேரு இருந்தாங்கன்னு கேட் ரிஜிஸ்டரப் பாக்காமலே இவ சொன்னா. ஒவ்வொருத்தரா வெளிய வந்ததும் அவங்கவங்க வீட்டுக்குப் போன் போட்டுட்டுத்தான் தண்ணியே குடிச்சா. கர்ப்பமா இருக்க பொண்ணுங்கள நின்னுக்கிட்டே வேல பாக்க விடக்கூடாதுன்னு சண்ட போட்டு ஸ்டூல் வாங்குனா. ரெண்டு பேருக்குள்ள பேச்சுவார்த்த இல்லன்னு ஷிப்ட மாத்தக் கேட்டப்ப, மாத்தாம ஒரே மெஷின்ல போட்டு மாப்ள மச்சானா ஆக்கிவிட்டா."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவற்றில் பாதியை நான் வீட்டில் சொன்னதே இல்லை.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

டீயை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தபடி, "நீதான எழுதுன" என்றார். "ஆபீஸ்ல மத்தியானம் சாப்புட்டுட்டுப் படிப்பேன். எங்க செக்சன்ல இன்னும் ரெண்டு பேரு படிக்கிறாங்க. ஒம் பொண்டாட்டி இந்த வாரம் எழுதலயேன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

ஐ.டி. பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மில்லுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆளு தேறிட்டாங்க. அடுத்த கேள்வி கேக்கவா, வேணாமா?" என்றார் மருத்துவமனைக்காரர். அப்போது நான் சிரித்த சிரிப்பு அந்த மாதத்திலேயே முதல் சிரிப்பு. அன்று பிற்பகல் முழுக்க என்னை விடவில்லை. தம்ரூட் தீரும்வரை கேள்வி கேட்டார்கள். ஒவ்வொரு பதிலையும் "நான்" என்று தொடங்கப் பழக்கினார்கள்.

அந்த வாரமே எழுதினேன். எனக்கு வேலை போய்விட்டது, இத்தனை நாள் வெட்கத்தில் சொல்லவில்லை, வேலை போனவர்களுக்கு நான் சொன்ன அறிவுரைகளில் இவை உதவுகின்றன, இவை உதவவில்லை என்று உள்ளதை உள்ளபடி போட்டேன்.

அந்தப் பதிவுக்குப் பிறகு வலைப்பூக்களின் போக்கே மாறியது. அதுவரை நாங்கள் எல்லாரும் மற்றவர்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது ஒவ்வொருவராகத் தங்களைப் பற்றி எழுதினார்கள். பட்டாசு ஆலைக்காரர், விபத்தில் இறந்தவரின் வீட்டுப் படியேறிய நாளை எழுதினார். ஜவுளிக்கடைக்காரர், தன் தம்பிக்கே வேலை இல்லை என்று சொல்ல நேர்ந்ததை எழுதினார். படிப்பதற்கு எச்.ஆர். ஆட்கள் மட்டுமில்லை, எங்களிடம் வேலை கேட்டு வந்தவர்களும், எங்களால் வெளியே போனவர்களும் வந்தார்கள். சிலர் கோபமாக எழுதினார்கள். அந்தக் கோபத்துக்கு இடம் விட்டோம். ஒன்றையும் அழிக்கவில்லை.

எனக்கு உடனே வேலை கிடைத்துவிடவில்லை. பல இடங்களில் வயது தெரிந்ததும் பேச்சு மாறியது. ஒரு நிறுவனத்தில் மூன்று சுற்று நேர்காணல் முடித்துவிட்டு, இல்லை என்று சொல்லக்கூட யாரும் கூப்பிடவில்லை. அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுதினேன். அதைப் படித்த மருத்துவமனைக்காரர், தேர்வாகாதவர்களையும் தானே கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினார். "திட்டு வாங்குறேன் அக்கா, ஆனாலும் ரெண்டு பேரு நன்றி சொன்னாங்க" என்றார்.

சில மாதங்களுக்குப் பிறகு, ஒத்தக்கடை பக்கம் ஊறுகாயும் மசாலாப் பொடியும் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எச்.ஆர். என்று அதுவரை அங்கே யாரும் இருந்ததில்லை. நேர்காணல் செய்த முதலாளியம்மா, "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார். "நான்" என்று ஆரம்பித்தேன். எனக்குள்ளேயே சிரிப்பு வந்தது. எங்கள் வீடு இருக்கும் விளாங்குடியிலிருந்து மாட்டுத்தாவணி போய் பஸ் மாற வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சேலையில் மிளகாய் நெடி இருக்கும். கணவர் கதவைத் திறந்ததும் தும்முவார். வலைப்பூவில் எழுத விஷயம் இப்போது முன்னைவிட அதிகம்.

போன மாதம் மருத்துவமனைக்காரரின் மகளுக்கு நிக்காஹ். நகரத்துக்குள் ஒரு மண்டபத்தில். நாங்கள் எல்லாரும் போயிருந்தோம், வெளியூர்களில் எழுதுகிறவர்கள் உட்பட. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட மில்லுக்காரர் புது வேட்டியில் வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் எங்களுக்கென்று ஒரு நீள மேசையை ஒதுக்கியிருந்தார்கள். சாதிக்கொரு ஆளாக, ஊருக்கொரு ஆளாக உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த எங்களை மணப்பெண்ணின் பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"நீங்கல்லாம் பொண்ணுக்கு என்ன வேணும்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வலைப்பூ என்று சொன்னால் அவருக்கு விளங்காது என்று ஐ.டி. பெண் முழித்தாள்.

"பொண்ணோட அத்தா எழுதுறத நாங்க படிப்போம்மா. நாங்க எழுதுறத அவரு படிப்பாரு" என்றார் மில்லுக்காரர்.

பெரியம்மா அதைக் கொஞ்சம் யோசித்தார். பிறகு எங்கள் மேசைக்கு இன்னொரு தட்டுக் கறி கொண்டுவரச் சொல்லிப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.